லித்தியம் வரவில்லை

தரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் உலோக அணுக்களாலான ஒரு படலம் பூமியைச் சுற்றிக் கிடக்கிறது. சோடியம், மக்னீசியம், இரும்பு. விண்கற்கள் எரிந்து விட்டுப்போனவை. விமானம் அந்த உயரத்துக்கு ஏறாது, பலூன் எட்டாது. எங்கள் செயற்கைக்கோள் அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போகும். வெயில் படும்போது ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்கில் மனிதர்கள் சேர்த்த குப்பையைக் கழிப்பது என் வேலை. ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்கள் விழுந்து எரியும்போது அலுமினியம், செம்பு, லித்தியம் என்று விண்கல்லில் இல்லாத விகிதத்தில் கிளம்பும். பருவநிலை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வேண்டாம். அவர்களுக்குக் கலப்படமில்லாத விண்கல் தூசி வேண்டும். நான் குப்பையைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புவேன். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவனுக்கு இது போதும். தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மேல்மாடி. மூன்று திரை, ஒரு ஏசி, ராத்திரி ஷிப்டு. பல நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது குரல் வராமல் இருமியிருக்கிறேன். கடைக்காரர் எனக்கு நெஞ்சுச்சளி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை ஷிப்டு முடிந்து இறங்கும்போது மாடிப்படியின் கீழே ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். தோளில் ரெக்சின் பை. கையில் இறால் வாடை.

"வானத்துல எரியிறதப் பாக்கிற ஆபீசு இதானே சார்?"

"இதுதான். ஆனா பாக்கிறது மெஷின்."

"மெஷின் பாக்கிறத யாரு பாப்பாவ?"

"நான்."

"அப்ப நீங்கதான்," என்றாள். "எனக்கு ஒரு சாட்சி வேணும்."

எனக்குத் தூக்கம் வந்தது. நாளைக்கு வரச் சொன்னேன். நாளைக்கு இறால் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்றாள். இன்றைக்கே கேட்டு வாங்கியதுதான் என்றாள். பிறகு படியின் கடைசித் தட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். திரும்பி மேலே ஏறினேன். அவளும் பின்னால் வந்தாள்.

பெயர் பிரிசில்லா. ஊர் புன்னைத்துறை, தெற்கே கடற்கரையில் இருக்கிறது. புருஷன் சந்தியாகு, விண்வெளிக் குப்பை அள்ளும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்த மாதிரிக் கம்பெனிகள் கடற்கரைப் பையன்களைத்தான் விரும்பி எடுக்கும். கயிறு தெரியும், வலை வீசத் தெரியும், ஆட்டத்தில் குமட்டாது, பல நாள் தனியாக இருக்கப் பழகியவர்கள். ஓர் ஆள் மட்டும் இருக்கும் கூண்டு. செத்த செயற்கைக்கோளின் பக்கத்தில் போய் வலையை விரித்துப் பிடித்து, கீழே விழுகிற பாதைக்குத் தள்ளிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கூண்டு கட்டுப்பாட்டை இழந்து, இந்தியப் பெருங்கடலின் தெற்கே காற்றுமண்டலத்தில் நுழைந்து, முழுவதும் எரிந்துவிட்டதாகக் கம்பெனி காகிதம் கொடுத்தது.

"ஒரு நிமிசம்கூட ஆகாதாம். எங்க வீட்டு அவியளுக்குத் தெரிஞ்சே இருக்காதுன்னாவ," என்றாள்.

"அதுதான் காகிதம் இருக்கே. என் சாட்சி எதுக்கு?"

"கல்யாணத்துக்கு."

அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். பழைய சாமியார் கம்பெனிக் காகிதம் போதும் என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவன் செத்தான் என்பதற்குப் புன்னைத்துறையில் இரண்டு சாட்சி வேண்டும். வள்ளம் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள், அலை கொண்டுபோனதைப் பார்த்தவர்கள். இல்லாவிட்டால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். எப்போதோ, செத்துவிட்டதாக ஊர் நினைத்த ஒருவன் இலங்கைச் சிறையிலிருந்து திரும்பி வந்து, பெண்டாட்டி வேறு வீட்டில் இருப்பதைப் பார்த்தானாம். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

"கம்பெனி காயிதத்த ஒரு சாட்சியா எடுத்துக்கிடுதேன், பாத்தவங்க இன்னொரு ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு சாமி சொல்லிட்டாவ. வானத்துல எரிஞ்சத யாரு சார் பாப்பா? விசாரிச்சேன். இங்க ஒரு ஆபீசு இருக்குன்னாவ."

"ஏழு வருஷத்துல இன்னும் அஞ்சுதான் பாக்கி."

"உங்களுக்குச் சொல்ல லேசா இருக்கு. ராத்திரி ஏழு மணிக்குக் கதவ அடைச்சா, காலைல இறால் கம்பெனி வண்டி வர்றது வரைக்கும் எங்கூட பேச நாதி கிடையாது. டிவியில வர்ற விளம்பரத்துக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்கேன்."

தேதியைக் கேட்டேன். பழைய பதிவுகளைத் திறந்தேன். கழித்துப் போட்ட குப்பையெல்லாம் ஓரமாக அப்படியேதான் கிடக்கும். அழிக்க யாரும் சொல்லவில்லை, அதனால் அழிக்கவில்லை.

கூண்டின் மேல்தகடு அலுமினியமும் லித்தியமும் கலந்தது. எரிந்தால் லித்தியம் பரவும். மேலே அடிக்கிற காற்றில் இழுபட்டு, கரைந்து தெரியாமல் போக ஒரு வாரமாவது ஆகும். எங்கள் செயற்கைக்கோள் அதற்குள் பலமுறை அந்தப் பக்கம் போய்வந்திருக்கும். அந்த நாளைப் பார்த்தேன். மறுநாளைப் பார்த்தேன். முந்தின வாரம், பிந்தின வாரம், பிறகு அன்றிலிருந்து இன்றுவரை முழுவதும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கலையா?"

"கிடைக்கல."

"மீன் விழலன்னா வலையில ஓட்டை இருக்கான்னு மொதல்ல பாப்பாவ."

"வலை சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்க. நீங்க சொன்ன தேதிக்கு முந்தின மாசம், ஃபிரிட்ஜ் சைஸ்ல ஒரு பழைய சாட்டிலைட் ஆஸ்திரேலியாவுக்குக் கீழ எரிஞ்சிருக்கு. அதோட லித்தியம் இந்தா தெரியுது. இந்தச் சிவப்பு. உங்க வீட்டுக்காரர் இருந்த கூண்டு அதைவிடப் பத்து மடங்கு பெரிசு. எரிஞ்சிருந்தா இந்தத் திரை பூராவும் சிவப்பாயிருக்கணும்."

அவள் அப்போதுதான் திரையைப் பார்த்தாள். கம்பெனி சொன்ன நாளில் அது கறுப்பாக இருந்தது.

"அப்ப அவிய எங்க?"

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். "மேலதான்," என்றேன்.

"மேலன்னா?"

"கூண்டு கீழ வரவே இல்ல. இன்னமும் சுத்திக்கிட்டிருக்கு."

"இத்தன வருசமா ஒருத்தருக்கும் தெரியாமயா?"

"மேல ஆயிரக்கணக்குல துண்டு சுத்துது. எது எதுன்னு பேர் எழுதிக் கொடுக்கிறது கம்பெனிக்காரங்கதான். உடைஞ்ச ராக்கெட்டுன்னு எழுதிட்டா உடைஞ்ச ராக்கெட்டுதான்."

அவள் கொஞ்ச நேரம் ரெக்சின் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்க முடியாதுல்லா?"

"முடியாது. ரெண்டு வருஷம் ஆச்சு."

"மூச்சுக்காத்து எத்தன நாளைக்கு இருக்கும்?"

"அந்த மாதிரிக் கூண்டுல மூணு வாரம். அசையாம, சிக்கனமா இருந்தா நாலு."

"அவிய எல்லாத்துலயும் சிக்கனந்தான்," என்றாள்.

நான் எழுந்து ஏசியைக் குறைத்தேன். குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

"அந்த நாலு வாரமும் ரேடியோ வேல செஞ்சிருக்குமா சார்?"

"சூரியத் தகடு உடையாம இருந்தா ரேடியோ ஓடும். ஏன்?"

"ரேடியோ ரூம்ல லூர்துதான் இருந்தாவ."

"யாரு லூர்து?"

"என்னையக் கட்டப் போறவிய."

அவள் மெதுவாகச் சொன்னாள். லூர்து வடக்கன்குளத்துக்காரன். கடலோடு சம்பந்தமில்லாத குடும்பம். மேலே இருப்பவர்களோடு ரேடியோவில் பேசுவது அவன் வேலை. சந்தியாகு போனபிறகு அவனுடைய சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். அடுத்த மாதமும் வந்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வந்தான். வந்தால் அதிகம் பேசமாட்டான். கிணற்று மோட்டாரைச் சரிபார்ப்பான், ஒரு டம்ளர் காபி குடிப்பான், போய்விடுவான். போன பெரிய நோன்பு முடிந்து ஈஸ்டர் கழிந்ததும், கட்டிக்கொள்ளலாமா என்று அவன்தான் கேட்டான்.

அவள் சொல்லிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அவள் எதை எதோடு கூட்டிப்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அங்கிருந்து போக வேண்டும் போலிருந்தது.

"இங்க பாருங்க," என்றேன். "எரிஞ்சதைப் பாத்தேன்னு நான் எழுதித் தந்துடறேன். முத்திரை போட்டுத் தரேன். சாமியார் வந்து என் திரையைச் சோதிக்கப் போறதில்ல. செத்தது செத்ததுதான். நீங்க கல்யாணத்தைப் பாருங்க."

"எனக்கு எரக்கப்பட்டுச் சொல்லுதீயளா, தூங்கப் போகணும்னு சொல்லுதீயளா?"

"தூங்கத்தான்."

முதல்முறையாக அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அப்படின்னா வேண்டாம். பாத்தேன்னு சொல்ல முடியலன்னா, பாக்கலன்னு எங்க சாமிட்ட வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசை முடிஞ்சு."

"பாக்கலன்னு சொல்ல ஒரு சாட்சி எதுக்கு?"

"நான் சொன்னா லூர்து என்னையச் சமாதானப்படுத்தத்தான் பாப்பாவ. நீங்க சொன்னா அவிய உங்களுக்குப் பதில் சொல்லணும்லா."

இடைப்பட்ட நாட்களில் நான் வழக்கம்போல வேலை பார்த்தேன். கழித்தேன், அனுப்பினேன். கம்பெனி உடைந்த ராக்கெட் என்று பெயர் கொடுத்திருந்த துண்டுகளின் பாதைகளை எடுத்துப் பார்த்தேன். சந்தியாகுவின் கூண்டு வேலை பார்த்த உயரத்தில், அந்தச் சாய்வில் ஒன்றுதான் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. சில நாள் எங்கள் ஊருக்கு நேர் மேலேயே போகிறது. அது போகும் நேரத்தில் நான் வெளியே வந்து பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை புன்னைத்துறைக்கு பஸ்ஸில் போனேன். கோயிலுக்குப் பின்னால் சாமியார் பங்களா. கஸ்பார் சாமி என்னைவிடச் சின்னவர், பேச்சு நிதானம். பிரிசில்லா சுவரோரமாக நாற்காலியில் இருந்தாள். லூர்து வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தான். உயரமான ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. இந்த ஒரு காயிதத்துக்காக ரெண்டு மாசமா அலையுதா. கோட்டாறு பிஷப் வீடு வரைக்கும் போயிட்டு வந்துட்டா."

அவனுக்கு அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"நீங்க பாத்ததைச் சொல்லுங்க," என்றார் சாமி. "எனக்குப் புரியிற மாதிரி."

சொன்னேன். உலோகப் படலம், லித்தியம், கறுப்பாக இருந்த திரை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அந்தக் கூண்டு எரியல. எரிஞ்சதுன்னு கம்பெனி சொன்னது பொய்," என்று முடித்தேன்.

சாமி என்னைப் பார்த்தார். பிரிசில்லா லூர்துவைப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லூர்து," என்றார் சாமி. "நீ அந்தக் கம்பெனியிலதானே இருந்த."

"ஆமா சாமி."

"இவரு சொல்றது சரியா?"

வெளியே ஒரு குட்டி யானை வண்டி ஐஸ் கொட்டிவிட்டுப் போனது.

"சரிதான்."

"பிறகு?"

"என்ஜின் அடைச்சிக்கிட்டு சாமி. கீழ இறங்கவும் முடியல, மேல ஏறவும் முடியல. இன்னொரு கூண்ட அனுப்பலாம்னு மொதல்ல பேசினாங்க. தயார் பண்றதுக்குள்ள காத்து தீந்துடும்னு கணக்குப் போட்டுட்டாங்க. ஆனா லைன் திறந்தே இருந்தது. நான் விடாம பேசிட்டு இருந்தேன். வீட்டுக்குப் போகல, நாற்காலியிலயே கிடந்தேன். மேல ஆளு உசுரோட பேசுற சத்தம் பதிவாகிட்டு இருக்கிற வரைக்கும் கம்பெனி மீட்கப் போயே ஆகணும். அது சட்டம். ரெண்டாவது வாரத்துல ஒரு மத்தியானம் மேனேஜர் வந்து லைன மூடுன்னு சொன்னாரு."

"மூடினியா?"

"மூடினேன்."

"அப்ப சந்தியாகு செத்ததை நீ கேக்கல."

"இல்ல சாமி. அவிய பேசிட்டு இருந்தாவ. பேசிட்டு இருக்கும்போதே சுவிட்ச அணைச்சிட்டேன்." குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள்ளேயே சொல்லிப் பழகிய மாதிரி இருந்தது. "இத நான் சொன்னா செத்ததுக்குச் சாட்சி ஆகாது. உசுரோட இருந்ததுக்குத்தான் சாட்சி ஆகும். அதனாலதான் வாயத் தொறக்கல."

"அதனாலதானா?" என்றாள் பிரிசில்லா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதனால மட்டும் இல்ல."

எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓர் அறை, ஒரு நாற்காலி, மேலே இருந்து ஒரு உத்தரவு. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக அணைத்திருப்பேன். ஆனால் பிறகு அவள் வீட்டு மோட்டாரைச் சரிசெய்யப் போயிருக்க மாட்டேன்.

சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காத்து இல்லாம ரெண்டு வருஷம் எந்த மனுஷனும் இருக்க முடியாது," என்றார். "இவரு சொல்றதையும் நீ சொல்றதையும் சேத்து வச்சா, இதுக்கு மேல சாட்சி கேக்கிறவன் முட்டாள். பிரிசில்லா, உன் புருஷன் இறந்துட்டாருன்னு நான் ஏத்துக்கிடுதேன். கோயில் தரப்புல தடை ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறு ஓலை படிக்கலாம். மத்தது உங்க ரெண்டு பேரு பாடு."

அவள் இரண்டு மாதமாக அலைந்து திரிந்தது இதற்காகத்தான். கிடைத்துவிட்டது. லூர்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் எதிர்பார்ப்பு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்ததென்றால் அவன் அதற்காக வெட்கப்பட்டான்.

"ஓலை படிக்க வேண்டாம் சாமி," என்றாள்.

அவள் எழுந்து பையை எடுத்துத் தோளில் போட்டாள். வாசல்வரை போனாள். பிறகு திரும்பி லூர்துவிடம் கேட்டாள், மோட்டாரில் என்ன கோளாறு என்று கேட்கிற அதே குரலில்.

"அணைக்கும்போது அவிய என்ன பேசிட்டு இருந்தாவ?"

"அது… ஒண்ணுமில்ல பிரிசி."

"ஒண்ணுமில்லாததச் சொல்லு."

"ஒரு கத சொல்லிட்டு இருந்தாவ. அவிய பெரியப்பா கத. அந்தோனியார் கோயில் அசனச் சாப்பாட்டுக்கு ஒரு ஆட்ட நேந்துவிட்டாராம். அசனம் நெருங்குனதும் கொடுக்க மனசு வரல. ஆடு செத்துப்போச்சுன்னு ஊர்ல சொல்லிட்டு, அத வள்ளத்துல வலைக்கு அடியில ஒளிச்சு வச்சுக் கடலுக்குக் கொண்டுபோயிட்டாராம். நடுக்கடல்ல பெரியப்பாவுக்குப் பொறந்ததுல இருந்து வராத வாந்தி வருதாம். ஆடு வள்ளத்து முன்பக்கம் அணியத்துல ஏறி நின்னு ஜம்முனு காத்து வாங்குதாம். சிரிச்சிட்டே சொல்லிட்டு இருந்தாவ. அதோட அணைச்சிட்டேன். மிச்சம் என்னன்னு ரெண்டு வருசமா யோசிக்கேன். அதுல எனக்கு ஏதோ சொல்ல வந்தாவளோன்னு."

பிரிசில்லா நிலைக்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வள்ளம் கரை தட்டுது," என்றாள். "வலைய எடுக்கிறதுக்கு முந்தி ஆடு ஒரே குதி. சந்தை வழியா, சனத்துக்கு நடுவுல நடந்து, நேரா சாமியார் பங்களா வாசல்ல போயி நிக்குது. சாமி வெளிய வந்து பாத்துட்டு, ஏம்ப்பா, செத்துப்போச்சுன்னியேன்னு கேட்டாவளாம். பெரியப்பா தலையச் சொறிஞ்சுக்கிட்டு, எனக்கும் அப்படித்தான் சாமி சொன்னாவன்னாராம்."

"அவ்வளவுதானா?" என்றான் லூர்து.

"அவ்வளவுதான். வர்றவிய போறவிய எல்லாருகிட்டயும் சொல்லுவாவ."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.